கௌராமிக்கு மேல்தண்ணீர்தான் வீடு

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் செடி வளர்க்கும் மீன் தொட்டியைப் பற்றி எழுதியபோது, கடைசி வரியில் “நடுவில் ஒரு சின்னக் கௌராமி விட்டால் தொட்டிக்கே உயிர் வந்துவிடும்” என்று முடித்திருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மாதம் கடிதங்கள் குவிந்திருக்கின்றன. எனக்கு அதில் சந்தோஷம். கௌராமி என்பது மேலே வந்து காற்றை விழுங்கி மூச்சு விடும் அலங்கார மீன். 1979-ல் அப்பா மூர் மார்க்கெட்டிலிருந்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொண்டுவந்து கொடுத்த முதல் மீன் கௌராமிதான். இப்போது வில்லிவாக்கத்தில் குடியிருக்கிறேன். கொளத்தூர் மீன் கடைகள் பக்கத்திலேயே இருப்பதால், வாரம் ஒருமுறையாவது போய்ப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

இரண்டடித் தொட்டி. நியான் டெட்ரா மீன் எட்டு, அடியில் மேயும் கோரி மீன் நான்கு இருக்கின்றன. ‘ஜோடி’ என்று சொல்லி இரண்டு பவுடர் புளூ கௌராமி கொடுத்தார்கள். நான்கு நாள் ஒற்றுமையாகத் திரிந்தன. இப்போது ஒன்று ஃபில்டருக்குப் பின்னாலேயே நிற்கிறது, வால் கிழிந்திருக்கிறது. சண்டை தானாக அடங்குமா?
— பள்ளி ஆசிரியை, கரூர்

அடங்காது, டீச்சர். இன்றைக்கே பிரித்துவிடுங்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தில் இரண்டு மீனுக்கும் முதுகுத் துடுப்பின் பின்முனை கூராக நீண்டிருக்கிறது. கூராக இருந்தால் ஆண், உருண்டு முடிந்தால் பெண். உங்களிடம் இருப்பது இரண்டும் ஆண்கள். பவுடர் புளூ, நியான் புளூ, ஃபிளேம் ரெட் எல்லாமே டுவார்ஃப் கௌராமி என்ற ஒரே மீனிலிருந்து பண்ணைகளில் நிறம் பிரித்து எடுத்தவை. அசல் மீன் கங்கை, பிரம்மபுத்திரா சமவெளியின் குட்டைகளில் இருப்பது. ஆணுக்குச் சிவப்பு உடம்பில் நீலப் பட்டைகள் சாய்வாக ஓடும், பெண் வெறும் வெள்ளி நிறம். வாங்குபவர்கள் நிறத்தைத்தான் கேட்கிறார்கள், அதனால் கடைக்கு வருவதில் பெரும்பாலானவை ஆண்களே.

வால் கிழிந்ததைவிட எனக்குக் கவலை வேறு. கௌராமி மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். தோற்ற மீன் ஒவ்வொரு தடவை மேலே வரும்போதும் ஜெயித்த மீன் பாய்ந்து வரும். தோற்றது மூச்சுக்கும் பயப்படும், தீனிக்கும் பயப்படும். வெளிக்காயம் ஆறினாலும் இரண்டு வாரத்தில் வயிறு ஒட்டிச் செத்துப்போகும். உங்கள் தொட்டி இரண்டடிக்கு ஒரு அடிக்கு ஒரு அடி என்றால், விளிம்பு வரை நிரப்பினாலும் 56 லிட்டர்தான். அந்த நீர்ப்பரப்பை ஒரு ஆண் முழுசாகத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும்.

ஒன்றைத் திருப்பிக் கொடுங்கள். மற்றது தனியாகவே நன்றாக வாழும், துணை இல்லையே என்று வருத்தப்பட வேண்டாம். ஜோடியாகத்தான் வேண்டுமென்றால் ஹனி கௌராமிக்கு மாறுங்கள். ஐந்து சென்டிமீட்டருக்குள் நிற்கும் மீன், சாது. ஒரு ஆண், இரண்டு பெண் உங்கள் தொட்டிக்குச் சரியாக இருக்கும். கடையில் அது வைக்கோல் நிறத்தில் மங்கலாக நிற்கும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வீட்டில் செடிகளுக்கு நடுவே இரண்டு மூன்று வாரம் இருக்கட்டும். ஆண் தேன் நிறத்துக்கு வந்து, முட்டைக் காலத்தில் தாடையிலிருந்து வயிறு வரை மை பூசியது போலக் கறுக்கும்.

அதன் வயிற்றுத் துடுப்புகளையும் கவனியுங்கள். இரண்டும் நூல் மாதிரி நீண்டிருக்கும். இருட்டில் சுவரைத் தடவி நடப்பதுபோல அதை முன்னே நீட்டி, முதலில் இலையைத் தொடும், அப்புறம் தீனியைத் தொடும், பக்கத்தில் வரும் டெட்ராவின் முதுகையும் ஒரு தடவை தொட்டுப் பார்க்கும். கௌராமி புது இடத்தைத் தெரிந்துகொள்வது இப்படித்தான். வந்த முதல் நாள் அவசரப்பட்டு லைட் போடாமல், அதைத் தொட்டுப் பார்க்க விடுங்கள்.

என் கௌராமி அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்குகிறது. ஆக்சிஜன் போதவில்லை என்று பெரிய ஏர் பம்ப் வாங்கிப் போட்டேன். இப்போது மூலையில் ஒடுங்கி நிற்கிறது. செடிகளுக்குக் கரியமில வாயு கொடுக்க ஈஸ்ட்–சர்க்கரை பாட்டிலும் வைத்திருக்கிறேன்.
— இயந்திரப் பொறியாளர், ஓசூர்

காற்றை விழுங்குவது அதன் இயல்பு. செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பான ஓர் உறுப்பு இருக்கிறது. மெல்லிய தோலுக்கடியில் ரத்தக் குழாய்கள் ஓடும் அந்த மடிப்புகளில் காற்றைப் பிடித்து வைத்து மூச்சு விடும். ஃபைட்டர் மீனுக்கும் இது உண்டு, நம் பனையேறிக் கெண்டைக்கும் உண்டு. அந்தப் பனையேறியைப் பற்றிய புகழ்பெற்ற குறிப்பு ஒன்று நம் கரையிலிருந்துதான் போனது. டால்டார்ஃப் என்ற டேனிஷ் லெப்டினன்ட், 1791-ல் தரங்கம்பாடியில் ஒரு குளத்தோரப் பனையின் வெடிப்பில், தண்ணீருக்கு ஐந்தடி உயரத்தில் அந்த மீன் ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக எழுதினார். இயற்கை அறிவியலுக்கான லண்டன் லின்னியன் சங்கம் அதை 1797-ல் வெளியிட்டது. மரம் ஏறுமா என்பதில் இன்றுவரை வாதம் உண்டு. ஆனால் தண்ணீரை விட்டு வெளியே வந்தும் தாக்குப்பிடிக்க வைப்பது அந்த மடிப்பு உறுப்புதான்.

அதனால் பம்பைக் குறையுங்கள். வயல் வாய்க்கால், தேங்கிய குட்டை, கோரைப்புல் நடு என்று நீரோட்டமே இல்லாத இடத்து மீன் இது. மேற்பரப்பு கொதிக்கிற மாதிரி குமிழி விட்டால் அதற்கு நிற்க இடம் இருக்காது. ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், மெதுவான குமிழி, அது போதும். மிதக்கும் செடி சுழலாமல் ஓரிடத்தில் நின்றால் ஓட்டம் சரி என்று அர்த்தம். தொட்டியை விளிம்பு வரை நிரப்பாமல், மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே இரண்டு அங்குலம் காற்று விடுங்கள்.

இப்போது உங்கள் பாட்டிலுக்கு வருகிறேன். செடிகள் கரியமில வாயுவை எடுப்பது வெளிச்சத்தில் மட்டும். ஈஸ்டுக்கு இரவு பகல் கிடையாது, ராத்திரி முழுக்க விட்டுக்கொண்டே இருக்கும். விடியற்காலை ஐந்து மணிக்கு லைட் போடாமல் டார்ச் அடித்துப் பாருங்கள். கௌராமி மட்டும் சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து போனால் பிரச்சினை இல்லை. டெட்ராக்களும் சேர்ந்து மேலே நின்று வாயைத் திறந்து மூடினால் கோளாறு தண்ணீரில். இரவில் பாட்டிலிலிருந்து வரும் குழாயைத் தொட்டிக்கு வெளியே எடுத்துப் போட்டுவிடுங்கள், பாட்டிலை மட்டும் அடைத்து மூடாதீர்கள், வெடிக்கும். மேலே எண்ணெய் மாதிரி படலம் இருந்தால் ஒரு டிஷ்யூ பேப்பரை நீரின் மேல் படுக்க வைத்து அப்படியே இழுங்கள், ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

கடைச் செடிகள் விலை அதிகம். எங்கள் ஊர் வாய்க்காலில் இருப்பதையே வைக்கலாமா?
— கல்லூரி மாணவி, நாகர்கோவில்

வைக்கலாம், வைக்க வேண்டும் என்றே சொல்வேன். உங்கள் ஊரில் வயல் வரப்பில் நீர்ப்பிரமி படர்ந்து கிடக்கும். கடையில் ‘பக்கோபா’ என்று கட்டுக்கட்டாக விற்பது அதைத்தான். வரப்பில் தரையோடு படரும் செடி, தண்ணீருக்குள் நட்டால் நேராக நிமிர்ந்து வளரும். பழைய இலைகள் சில உதிரும், பயப்படாதீர்கள், புது இலை வரும். வேலம்பாசி வேகமாக வளர்ந்து தண்ணீரிலுள்ள கழிவை இழுத்துக்கொள்ளும். மேலே மிதக்க ஆகாயத்தாமரை நான்கு செடி போதும். அதன் வேர்கள் தாடி மாதிரி தொங்கும், கௌராமி நாள் முழுக்க அதற்குள்தான் நுழைந்து நுழைந்து வரும். மேற்பரப்பில் பாதியை மட்டும் மூட விடுங்கள். முழுக்க மூடினால் கீழே உள்ள செடிக்கு வெளிச்சம் போகாது, மீனுக்கும் மூச்சு விட இடம் தேட வேண்டியிருக்கும்.

மருந்து அடித்த வயலோரத்தில் எடுக்காதீர்கள். எங்கிருந்து எடுத்தாலும் ஒரு வாளியில் இரண்டு வாரம் வைத்து, தினம் தண்ணீர் மாற்றி, நத்தை முட்டைகளை விரலால் வழித்துவிட்டு அப்புறம் தொட்டியில் போடுங்கள். முக்கியமாக, அதிகமாக வளர்ந்ததை வாய்க்காலில் கொட்டாதீர்கள். அழகுச் செடியாக வந்த வெங்காயத்தாமரை நம் ஏரிகளை என்ன செய்திருக்கிறது என்று கண்ணால் பார்க்கிறோம். மிஞ்சியதை வெயிலில் காயவைத்து ரோஜாத் தொட்டிக்கு உரமாகப் போடுங்கள்.

தெருவில் வாதாம் மரம் இருந்தால், தானாக உதிர்ந்து பழுப்பாகக் காய்ந்த இலை ஒன்றைக் கழுவிப் போடுங்கள். தண்ணீர் லேசான டீ நிறத்துக்கு வரும். கூச்சப்பட்டு ஒளியும் கௌராமி அந்த நிறத்தில் வெளியே வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஃபைட்டரையும் கௌராமியையும் ஒரே தொட்டியில் விடலாமா?
— வாசகர், சேலம்

வேண்டாம். இரண்டும் ஒரே வம்சம், இரண்டுக்கும் வேண்டியது அதே மேல்தண்ணீர். டைகர் பார்பும் வேண்டாம், அந்த நூல் துடுப்பைக் கடித்துவிடும். ராஸ்போரா, சின்ன டெட்ரா, கோரி நல்ல துணை.

எங்கள் போர் தண்ணீரில் டி.டி.எஸ். (கரைந்த உப்பின் அளவு) 900. கௌராமி தாங்குமா?
— வாசகி, தூத்துக்குடி

சில மாதம் தாங்கும், செழிக்காது. ஒரு பங்கு போர் தண்ணீருடன் இரண்டு பங்கு ஆர்.ஓ. தண்ணீர் அல்லது சுத்தமாகப் பிடித்த மழைத் தண்ணீர் கலந்தால் 300 சுமாருக்கு வரும். அது போதும். வெறும் ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள், அதில் உப்புச் சத்தே இருக்காது. ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரை வீணாக்கக் கூடாதென்று தொட்டியில் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், உப்பெல்லாம் சேர்வது அதில்தான். ஒரே நாளில் மாற்ற வேண்டாம். வாரத்துக்கு இரண்டு தடவை, தடவைக்குப் பத்தில் ஒரு பங்கு என்று போங்கள்.

ஒரு வருடத்தில் ஐந்து டுவார்ஃப் கௌராமி செத்துவிட்டன. முதலில் நிறம் மங்குகிறது, அப்புறம் தீனி எடுப்பதில்லை, உடம்பில் புண் வருகிறது அல்லது வயிறு வீங்குகிறது. டெட்ராக்கள் நன்றாக இருக்கின்றன. நான் என்ன தப்பு செய்கிறேன்?
— அரசு ஊழியர், விழுப்புரம்

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். தப்பு உங்களுடையதாக இருக்க வாய்ப்பு குறைவு. இதை முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, ஏனென்றால் எனக்கு யாரும் அன்று சொல்லவில்லை.

எட்டு வருடம் முன்பு ஒரு கடையில் ஆறு நியான் புளூ வாங்கினேன். ஐந்து வாரத்தில் ஆறும் போயின. நீங்கள் எழுதிய அதே வரிசை. நிறம் போகும், ஒரு மூலையில் தலை சாய்ந்து நிற்கும், பக்கவாட்டில் மிளகு அளவு புண் வரும். மெத்திலீன் புளூ ஊற்றினேன், கல்லுப்பு போட்டேன், ஆன்டிபயாடிக் கலந்தேன். மீன் பிழைக்கவில்லை. உப்பில் வேலம்பாசி கரைந்தது, மருந்தில் ஃபில்டரில் வளர்ந்திருந்த நல்ல பாக்டீரியா செத்து அம்மோனியா ஏறியது. மருந்து பிரயோஜனப்படாத நோய்க்கு மருந்து ஊற்றி, நன்றாக இருந்த தொட்டியைக் கெடுத்தேன்.

டுவார்ஃப் கௌராமிகளிடம் இரிடோவைரஸ் என்ற ஒரு வைரஸ் பரவலாக இருக்கிறது. பண்ணைகளில் நெருக்கமாக வளர்த்து, நாடு விட்டு நாடு அனுப்பியதில் பரவியது. வந்த மீனுக்கு மருந்து கிடையாது. இதே அறிகுறிகள் மீன் காசநோய்க்கும் உண்டு. அந்தக் கிருமி நம் கையிலுள்ள வெட்டுக்காயம் வழியாகத் தோலில் புண் உண்டாக்கக்கூடியது. கையில் காயம் இருந்தால் கையுறை இல்லாமல் அந்தத் தொட்டிக்குள் கை விடாதீர்கள்.

செத்த மீனைக் கால்வாயிலோ ஏரியிலோ போடாதீர்கள். ஆஸ்திரேலியாவில் 2003-ல் ஒரு பண்ணையில் மர்ரே காட் என்ற ஆற்று மீன்களைக் கொன்றது இதே குடும்பத்து வைரஸ்தான். மண்ணில் ஆழமாகப் புதையுங்கள். வலையையும் வாளியையும் அந்தத் தொட்டிக்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.

இனி வாங்கும்போது கடையில் கால்மணி நேரம் நில்லுங்கள். அந்தக் கண்ணாடித் தொட்டியில் ஒரே ஒரு மீன் மங்கி நின்றாலும், மற்றவை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வாங்காதீர்கள். தீனி போடச் சொல்லுங்கள், பாய்ந்து வருகிற மீனை எடுங்கள். வீட்டில் பதினைந்து லிட்டர் தொட்டியில் ஒரு மாதம் தனியாக வைத்துப் பார்த்த பிறகே செடித் தொட்டிக்குள் விடுங்கள். அல்லது டுவார்ஃபை விட்டுவிட்டு ஹனிக்கு வாருங்கள். அந்த ஆறு மீன்களுக்குப் பிறகு நான் அப்படித்தான் வந்தேன். இப்போது மூன்றாம் வருடத்தில் இருக்கும் ஹனி ஜோடி ஒன்று, நான் இதை எழுதும் மேஜைக்கு எதிரே இருக்கிறது.

அங்கிள், எங்கள் தொட்டியில் லைட் அணைத்த பிறகு ‘கிர்ர் கிர்ர்’ என்று சத்தம் வருகிறது. ஃபில்டர் ரிப்பேரா? உள்ளே கப்பி, சின்னதாகப் புள்ளி வைத்த பிக்மி கௌராமி நான்கு இருக்கின்றன.
— எட்டாம் வகுப்பு மாணவன், திருவாரூர்

ரிப்பேர் இல்லை தம்பி, உன் கௌராமி பேசுகிறது! ஸ்பார்க்லிங் கௌராமி என்றும் அதற்குப் பெயர். தென்கிழக்கு ஆசியாவின் வயல்களில் இருப்பது, நான்கு சென்டிமீட்டர்தான் வளரும். கன்னத்துக்குப் பின்னால் இருக்கும் துடுப்பில் தடித்த தசைநாண்கள் உண்டு. வீணைத் தந்தியைச் சுண்டுவது மாதிரி அதைச் சுண்டிச் சத்தம் போடும். ஒன்றை ஒன்று முறைக்கும்போதும், ஜோடி சேரும்போதும் போடும். ஃபில்டரை ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டுக் கண்ணாடியில் காதை வைத்துக் கேள். மறக்காமல் ஃபில்டரைத் திரும்பப் போட்டுவிடு. யார் சத்தம் போட்டது, எதிரே நின்றது யார், அப்புறம் யார் விலகிப் போனது என்று ஒரு நோட்டில் எழுதி எனக்கு அனுப்பு.

கௌராமி மாதிரி நம் பக்கத்து மீன் ஏதாவது இருக்கிறதா?
— வாசகர், புதுச்சேரி

உங்கள் ஊர்ப் பெயரையே சுமக்கும் மீன் இருக்கிறது! அறிவியல் பெயர் சூடோஸ்ஃப்ரோமீனஸ் குபானஸ். 1831-ல் பிரெஞ்சு அறிஞர் கூவியே இதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியபோது, மாதிரி மீன் கிடைத்தது அரியாங்குப்பம் ஆற்றில். ‘குபானஸ்’ என்பதில் இருப்பது அந்தக் குப்பம்தான். பழுப்பு உடம்பு, முட்டைக் காலத்தில் வாலும் துடுப்பும் செம்மண் நிறத்துக்கு வரும். தமிழ்நாடு, கேரளம், இலங்கை என்று வயலிலும் ஓடையிலும் குட்டையிலும் வாழ்கிறது. இதுவும் மடிப்பு உறுப்பால் மூச்சு விடும், முட்டைகளுக்காக நுரைக்கூடு கட்டும். பளிச்சென்ற நிறம் இல்லை என்பதால் கடையில் கிடைப்பது அரிது. என்னைக் கேட்டால், நீர்ப்பிரமியும் வாதாம் இலையும் போட்ட தொட்டியில் இதன் நாலைந்து மீன் இருந்தால் வேறு அலங்காரமே வேண்டாம். எடுக்கும்போது நாலைந்து மட்டும் எடுங்கள், வேறு ஊர் ஓடையில் விடாதீர்கள்.

ஹனி கௌராமித் தொட்டியில், மிதக்கும் செடிக்கு அடியில் சோப்பு நுரை மாதிரி சேர்ந்திருக்கிறது. ஆண் மீன் அங்கேயே காவல் நிற்கிறது, டெட்ராக்களைத் துரத்துகிறது. துடைத்து எடுக்கலாமா?
— இல்லத்தரசி, கோயம்புத்தூர்

ஐயோ, துடைக்காதீர்கள்! அது அப்பா கட்டிய தொட்டில். ஒவ்வொரு குமிழியையும் வாயில் பிடித்து, எச்சில் பூசி, மேலே கொண்டுவந்து ஒட்டியிருக்கிறது. பெண்ணை அதற்கடியில் அழைத்து, உடம்பை வளைத்து அணைக்கும். உதிரும் முட்டைகளை ஆண்தான் பொறுக்கி நுரைக்குள் வைக்கும். ஒன்று நழுவிக் கீழே விழுந்தாலும் பாய்ந்து வாயில் பிடித்துத் திரும்ப அதே இடத்தில் ஒட்டும். இதை நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கலாம்.

ஒன்றை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். பொதுத் தொட்டியில் இந்தக் குஞ்சுகள் பெரும்பாலும் பிழைக்காது. அப்பா எவ்வளவு துரத்தினாலும், நீந்தத் தொடங்கும் நாளில் டெட்ராக்கள் தின்றுவிடும். இந்த முறை பார்த்து ரசியுங்கள். அடுத்த முறைக்குப் பதினைந்து லிட்டர் தொட்டி ஒன்று தயார் செய்யுங்கள். ஆறு அங்குலம் தண்ணீர், 28 டிகிரி சூடு, மிக மெதுவான ஸ்பாஞ்ச் ஃபில்டர், கைநிறைய மிதக்கும் செடி, பெண் ஒளிய ஒரு மூலை. ஜோடியை விடுவதற்கு ஒரு வாரம் முன்பே, காய்ந்த வாழைச் சருகுத் துண்டு ஒன்றைப் பழைய தொட்டித் தண்ணீரில் ஊறவைத்துவிடுங்கள். அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் பெருகும். குஞ்சின் வாய்க்குள் முதல் சில நாள் போகக்கூடியது அது மட்டும்தான்.

முட்டை போட்டு முடிந்ததும் பெண்ணை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஆண் விரட்டியே கொன்றுவிடும். ஒன்றரை நாளுக்குள் பொரியும், நுரையிலிருந்து கமா மாதிரி தொங்கும். மூன்றாம் நாள் சுமாருக்குக் குஞ்சுகள் படுக்கைவாட்டில் நீந்தத் தொடங்கும். அப்போது அப்பாவையும் எடுத்துவிட வேண்டும், அதற்கு மேல் அதுவே தின்னத் தொடங்கும். வாழைச் சருகுத் தண்ணீரை ஒரு நாளைக்கு நான்கு தடவை, தடவைக்கு இரண்டு ஸ்பூன் விடுங்கள். ஒரு வாரம், பத்து நாள் கழித்து ஆர்டீமியா என்ற பொடி இறாலின் குஞ்சு கொடுக்கலாம்.

குஞ்சு பிறக்கும்போது அந்த மடிப்பு உறுப்பு இருக்காது. சில வாரம் கழித்துத்தான் உருவாகி, முதன்முதலாகக் காற்றை விழுங்க மேலே வரும். கோவையில் மார்கழிக் குளிர் உங்களுக்குத் தெரியும். கீழே தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்து, மேலே விழுங்கும் காற்று ஜில்லென்று இருந்தால் நேற்றுவரை ஓடியாடிய குஞ்சுகள் கூட்டமாகச் செத்துப்போகும். சமையலறையில் பாத்திரம் மூடும் பிளாஸ்டிக் தாளைத் தொட்டியின் மேல் இழுத்துப் போர்த்தி, ஓர் ஓரத்தில் மட்டும் விரல் அளவு திறந்து வையுங்கள். தாளின் உட்புறம் வியர்த்து நீர் கோத்திருந்தால் உள்ளே காற்று கதகதப்பாக இருக்கிறது. முதல் இரண்டு மாதம் அந்தத் தாளை எடுக்காதீர்கள்.